கோடு மறைந்தால் அக்கரைக்குப் போக மாட்டோம்

(மழைக்காலத்துக்கு முன் கூடிய தோட்டக் கமிட்டி, மாதர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மே பிறந்தால் மேற்கு மலைச்சரிவில் மழை தொடங்கிவிடும். செப்டம்பர் வரை விடாது. பிறகு அக்டோபர், நவம்பரில் பகலெல்லாம் வெயிலடித்து, பின்னேரம் இடியோடு கொட்டும். காலையில் கணுக்கால் அளவு ஓடிய ஆற்றைத் தாண்டி மலைக்குப் போகிறோம். கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பும்போது அது வேறு ஆறாக நிற்கிறது. களைப்பு, பிள்ளை மடுவத்தில் காத்திருக்கும் குழந்தை, அடுப்பு நினைப்பு எல்லாம் சேர்ந்து 'நாலு எட்டுத்தானே' என்று நம்மை இறங்கச் சொல்லும்.

தண்ணீரின் வேகம் 2 மடங்கானால் அது நம்மைத் தள்ளும் பலம் 4 மடங்காகிறது. ஆகவே ஆழத்தை மட்டும் பார்த்தால் போதாது. தண்ணீர் கலங்கி, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், அடியில் கல் உருளும் சத்தம் கேட்டால், இறங்கவே கூடாது. நமக்கு வெயிலடித்தாலும் மேல் டிவிஷனில் கொட்டியிருக்கலாம். மழைக்கு நடுவே ஆறு திடீரென்று வற்றினால் அது இன்னும் மோசம். மேலே மண் சரிந்து அடைத்திருக்கக்கூடும். மேட்டுக்கு ஏறி 117க்கு அழையுங்கள். மேல் கொத்மலை, லக்ஷபான நீர்த்தேக்கங்களுக்குக் கீழே இருப்பவர்கள் வான்கதவு அறிவித்தலையும் கவனியுங்கள்.

தெளிந்த தண்ணீர், முழங்காலுக்குக் கீழே என்றால் தாண்டலாம். ஒடுங்கிய இடம் கிட்டமாகத் தெரியும். அங்கேதான் வேகமும் ஆழமும் அதிகம். அகலமான இடத்தைப் பாருங்கள். கீழ்ப்பக்கத்தில் அருவியோ விழுந்த மரமோ இருந்தால் அந்த இடம் வேண்டாம். மரக்கிளை தண்ணீரை விடும், ஆளை விடாது.

இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்துவிடுங்கள். தண்ணீர் அதைப் பிடித்து இழுக்கும். கூடைக் கயிற்றைத் தலையிலிருந்து எடுத்து ஒரு தோளில் போடுங்கள். விழுந்தால் கூடையை விட்டுவிட வேண்டும், கொழுந்து போனால் போகட்டும். தண்ணீர் வரும் பக்கம் முகம் வைத்து, கம்பை முன்னால் ஊன்றி, ஒவ்வொரு காலாகப் பக்கவாட்டில் நகருங்கள். மூன்று நான்கு பேர் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு போவது இன்னும் நல்லது. இடுப்பில் கயிறு கட்டிக்கொள்வது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறோம். விழுந்தால் அந்தக் கயிறே ஆளைத் தண்ணீருக்குள் அமுக்கிவிடும்.

அடித்துக்கொண்டு போனால் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள், கால் பாறையிடுக்கில் சிக்கும். மல்லாந்து, கால்களைத் தண்ணீர் போகும் பக்கம் நீட்டி, கைகளால் கரைக்கு ஒதுங்குங்கள்.

இவ்வளவும் பாலம் கிடைக்கும் வரைக்கும்தான். பாலத்துக்கான கோரிக்கையை நாங்கள் விடவில்லை. அதற்கிடையில் பெரட்டில் எல்லோரும் ஒரே குரலில் ஒன்று கேட்போம். ஆறு பெருகினால் இக்கரை மலையில் வேலை தர வேண்டும். திரும்பி வந்தவர்களுக்கு முழுப் பேர் போட வேண்டும். அரைப் பேருக்குப் பயந்துதான் நம் ஆட்கள் இறங்குகிறார்கள். நீந்தத் தெரிந்தவர்களும் இதில் சேர்த்திதான்.

தாண்டும் இடத்துப் பாறையில் சிவப்புக் கோடு ஒன்று போடுவோம். கோடு தண்ணீரில் மறைந்தால் கங்காணியும் அனுப்பக்கூடாது, நாமும் போகக்கூடாது என்று துரையிடம் எழுத்தில் கேட்போம். கூட்டம் முடிந்ததும் கமிட்டிக்காரர்கள் பெயின்ட் டப்பாவோடு ஆற்றுக்குப் போகிறோம். எந்த உயரத்தில் கோடு போடுவது என்று காட்ட, தினமும் தாண்டும் கொழுந்தெடுக்கும் அக்காமார் இரண்டு பேர் எங்களோடு வாருங்கள்.