கொங்கேழ் தலமும் கூடிச் செல்லும் யாத்திரையும்

திருச்சிற்றம்பலம்.



இத்திருப்புக்கொளியூரில் சித்திரைத் தேர்விழாவைக் காணக் கூடியிருக்கும் உங்களில் பலர், தேர் நிலை சேர்ந்தபின் கொங்கேழ் தலங்களுக்கு யாத்திரை புறப்பட இருப்பதாகக் கேள்வியுற்றோம். மிக்க மகிழ்ச்சி. ஒரு பேருந்து, ஒரு பகல், ஏழு தலங்கள் என்று அச்சிட்ட தாள் ஒன்றையும் நம் கையில் தந்தார்கள். தலத்துக்கு இத்தனை நிமிடம் என்று அதில் கணக்கும் இருந்தது. அந்தத் தாள் குறித்தே இன்று சில சொற்கள்.

அவிநாசி, திருமுருகன்பூண்டி, பவானி என வழங்கும் திருநணா, திருச்செங்கோடாகிய கொடிமாடச் செங்குன்றூர், பாண்டிக் கொடுமுடி, கருவூர் ஆனிலை, வெஞ்சமாக்கூடல் ஆகிய ஏழும் தேவாரப் பாடல் பெற்றவை. இவற்றுட் பலவும் ஆற்றைப் பற்றி நிற்பவை. திருநணாவில் காவிரியும் பவானியும் கலக்கின்றன. கண்ணுக்குப் புலனாகாத அமுதநதியும் அங்கே உடன் கலப்பதாக ஆன்றோர் கூறுவர். தெற்கு நோக்கி வரும் காவிரி கொடுமுடியிலே கிழக்கே திரும்புகிறது. கருவூருக்கு ஆன்பொருநை என்னும் அமராவதி, வெஞ்சமாக்கூடலுக்குக் குடகனாறு. ஆகவே பாலங்கள் வருமுன் கொங்கு நாட்டில் தல யாத்திரை என்றால் ஆறு கடத்தலும் அதனுள் அடங்கும். கடக்க உதவியது பரிசல்.

பரிசலை நீங்கள் அறிவீர்கள். மூங்கிற் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, வெளியே தோல் போர்த்துச் செய்வது பழைய வழக்கம். அதற்கு முன்பக்கம் என்றும் பின்பக்கம் என்றும் இல்லை. நீரோட்டத்தில் சுழன்றுகொண்டே செல்லும். பரிசற்காரர் ஏறுவோரை ஒருமுறை பார்ப்பார். செல்வர், வறியர் என்று பாரார். பருத்தவர் ஒருவரை இப்பக்கம் அமர்த்தினால், மெலிந்தவர் இருவரை எதிர்ப்பக்கம் அமர்த்துவார். நடுவிலே ஒருவர் அவசரப்பட்டு எழுந்தால் எல்லோருக்கும் ஆபத்து. முதல் இருக்கைக்குப் பூசலிடுவதெல்லாம் பேருந்து வந்தபின் நாம் கற்றுக்கொண்ட பழக்கம்.

அடியார் கூட்டத்தோடு ஆறு கடந்த வரலாறு ஒன்று சோழநாட்டில் உண்டு. திருக்கொள்ளம்பூதூருக்கு எழுந்தருளிய திருஞானசம்பந்தப் பெருமான் ஆற்றங்கரையை அடைந்தபொழுது பெருவெள்ளம். ஓடக்காரர்கள் ஓடங்களைக் கட்டிவிட்டுப் போய்விட்டனர். பிள்ளையார் ஓர் ஓடத்தை அவிழ்க்கச் செய்து, அடியார்களை அதன்மேல் ஏற்றித் தாமும் ஏறிப் பதிகம் பாடினார். துடுப்பு வலிப்பார் இன்றியே ஓடம் அக்கரை சேர்ந்தது. அத்தலத்தில் ஐப்பசியில் இன்றும் ஓடத்திருவிழா நடைபெறுகிறது. அவர் ஒருவர் மட்டும் அக்கரை சேர வேண்டுமானால் திருவருளுக்கு ஓடமும் வேண்டுவதில்லை. உடன் வந்தாரை விட்டுச் செல்ல மனமில்லாமையால் ஓடம் வேண்டியதாயிற்று என்றே நாம் கொள்கிறோம்.

அதே பெருமான் நம் கொங்கு நாட்டுக்கு வந்தார். செங்குன்றூரைப் பணிந்து, திருநணாவையும் வணங்கி, மீண்டும் செங்குன்றூரிலே தங்கியிருந்தார். அது பனிக்காலம். சோழநாட்டிலிருந்து வந்த அடியார்களைக் குளிர்காய்ச்சல் பற்றியது. இப்பருவத்தில் இந்நாட்டுக்கு இது இயல்பு என்று சொன்னார்கள். இயல்புதானே என்று பிள்ளையார் அடுத்த தலத்துக்குப் புறப்படவில்லை. நின்றார், திருநீலகண்டப் பதிகத்தைப் பாடினார். நோய் அடியார்களை விட்டது மட்டுமன்று, அந்நாட்டை விட்டே நீங்கியது என்று பெரியபுராணம் பேசுகிறது. தம் கூட்டத்துக்காகப் பாடிய பாட்டு ஊராருக்கும் மருந்தாயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு யாத்திரைக் கூட்டத்தோடு நாம் சென்றிருந்தோம். பவானிக் கூடுதுறையில் நீராடிய முதியவர் ஒருவருக்கு இழுப்பு வந்துவிட்டது. அமர்ந்தவர் எழ இயலவில்லை. வண்டியை அமர்த்தியவரோ, உச்சிக்கால பூசை முடிந்து செங்கோட்டில் நடை சாத்திவிடுவார்கள் என்று பரபரத்தார். பெரியவர் இங்கேயே படுத்திருக்கட்டும், திரும்பும்போது ஏற்றிக்கொள்ளலாம் என்று ஒரு குரல் எழுந்தது. மறுப்பார் அதிகம் இல்லை. அப்பொழுது அவருக்கு உறவல்லாத இளம்பெண் ஒருத்தி, "அப்பாருவ உட்டுப்போட்டு நான் எங்கீங்க வர்றது?" என்று சொல்லி, மண்டபத்தில் அவர் அருகே அமர்ந்துவிட்டாள். நாமும் அமர்ந்தோம். மருத்துவர் வந்து பார்த்தார். இரண்டு நாழிகையில் மூச்சுச் சீராயிற்று. பேருந்து சென்றது, மாலையில் திரும்பியது. வந்தவர்கள் செங்கோட்டு விபூதியை அப்பெண்ணின் கையில் கொடுத்து, "நீ பார்க்காமல் போய்விட்டாயே அம்மணி" என்று இரங்கினார்கள். அம்மையப்பனை அன்று பார்த்தவர் யார் என்பதில் நமக்கு ஐயம் இருந்ததில்லை.

ஆகையால் விழாக் குழுவினரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். அந்த ஒரு பகலை இரண்டு பகலாக்குங்கள். முதல் நாள் இங்கிருந்து பூண்டி. சேரமான் பெருமாள் தந்த பொன்னோடு வந்த சுந்தரரைச் சிவகணங்கள் வேடராய் மறித்துப் பறித்த இடம் அது. மூட்டைகளைக் குறைத்துக்கொண்டு செல்வது நலம்! அடுத்து பவானி. இரவு அங்கே தங்குங்கள். மறுநாள் வெயிலுக்கு முன் செங்கோடு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் உண்டு. இயலாதவர்க்கு மலைமேல் வண்டிச் சாலையும் உண்டு. ஆற்றிலே செல்லும் ஆவல் உடையோர்க்கு பவானிக்கு வடக்கே நெருஞ்சிப்பேட்டையிலிருந்து எதிர்க்கரைப் பூலாம்பட்டிக்குப் படகு செல்கிறது. அணையிலிருந்து நீர் மிகுதியாகத் திறந்துவிட்ட நாளாயின் ஆவலை அடக்கிக்கொள்ளுங்கள்.

பிற்பகலில் கொடுமுடி, கருவூர். கடைசியில் வெஞ்சமாக்கூடல். அங்கே பெருங்கூட்டம் இராது. பலர் அதை விட்டுவிட்டே திரும்பிவிடுகிறார்கள். 1977ஆம் ஆண்டு வெள்ளத்தில் சிதைந்த கோயிலை அன்பர்கள் மீண்டும் எடுத்துக் கட்டினார்கள். சுந்தரருக்குப் பொன் வேண்டியபோது, விகிர்தநாதர் தம் புதல்வர் இருவரையும் ஒரு மூதாட்டியிடம் ஈடாக வைத்துப் பெற்றுத் தந்தார் என்பது அத்தலத்துச் செவிவழி வரலாறு. இருட்டுமுன் அங்கே சேருங்கள். விளக்குக்கு எண்ணெயை இங்கிருந்தே கொண்டுசெல்லுங்கள். வண்டி புறப்படுமுன் ஆட்களை இருமுறை எண்ணிக்கொள்ளுங்கள்.

திருச்சிற்றம்பலம்.