பந்து எல்லோர் கைக்கும் வரவேண்டும்

(சிங்கப்பூர் பிடோக்கில், இளையோர் கூடைப்பந்தாட்டத்தின் புதிய பருவம் தொடங்குமுன், பெற்றோரும் தொண்டர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

புதிய பருவத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். நான் பேச்சாளன் அல்லன். ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து, பிழைப்புக்காக இங்கே வந்து, சனிக்கிழமை தோறும் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக் கொடுப்பவன். ஆகவே அலங்காரம் எதுவுமின்றி, மனத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். குற்றவாளி நானேதான்.

கடந்த பருவத்தில் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் குழு ஒன்று என் பொறுப்பில் இருந்தது. மொத்தம் பத்துப் பேர். ஆறு ஆட்டங்கள் ஆடினோம், ஐந்தில் வென்றோம். என் நெஞ்சு நிமிர்ந்தது. அந்தப் பத்துப் பேரில் ஒரு தமிழ்ப் பையன். உயரம் குறைவு, ஓட்டமும் சற்று மந்தம். ஆனால் எல்லோருக்கும் முன்னால் களத்துக்கு வருபவன் அவனே. புதுச் சப்பாத்துக் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்காருவான். "அடுத்து நீ, அடுத்து நீ" என்று நானும் சொல்லிக்கொண்டே இருப்பேன். அந்த "அடுத்து" வரவே இல்லை. முதல் ஐந்து ஆட்டங்களிலும் சேர்த்து அவன் களத்தில் நின்றது நாலு நிமிடம்கூட இராது.

ஐந்தாவது ஆட்டத்துக்கு அவனுடைய தகப்பனார் வந்திருந்தார். இரவுக் காவல் வேலை முடித்து, உறங்காமல், உடுப்பைக்கூட மாற்றாமல் நேரே வந்தவர். ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, மெல்லிய குரலில், "அண்ணே, என் மகன் ஏதும் தப்புப் பண்ணிட்டானா?" என்று கேட்டார்.

தோழர்களே! அவர் என்னை ஏசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த சனிக்கிழமை பையன் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. பருவம் முடிந்து எடுத்த படத்தில் ஒன்பது பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் பத்தாவது பிள்ளைதான் என் கண்ணுக்குத் தெரிகிறான்.

இந்த ஆட்டம் எப்படிப் பிறந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர் இருந்தார். பனிக்காலம், வெளியே ஆட முடியாது. பீச் பழக் கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் ஆணியடித்து மாட்டினார். 13 விதிகளை எழுதினார். வகுப்பில் மாணவர்கள் 18 பேர். பக்கத்துக்கு ஒன்பது பேராகப் பிரித்துப் பதினெட்டுப் பேரையும் களத்தில் இறக்கினார். பக்கத்துக்கு ஐந்து பேர் என்ற கணக்கெல்லாம் பின்னால் வந்தது. பிறந்த நாளில் இந்த ஆட்டத்துக்குப் பெஞ்சே கிடையாது! அன்று விழுந்தது ஒரே ஒரு புள்ளி. ஆயினும் ஆட்டம் உலகெங்கும் பரவிவிட்டது.

நம் சிங்கப்பூரும் இதற்குப் புதிதல்ல. 1956-இல் மெல்பர்ன் ஒலிம்பிக் பந்தயத்துக்கே கூடைப்பந்துக் குழுவை அனுப்பிய தீவு இது. ஆயினும் நம்மவர் சிலர், "அது சீனர் ஆட்டம், நமக்குக் காற்பந்து போதும்" என்கிறார்கள். பந்துக்கு இனம் ஏது? நாம் இருக்கும் பிடோக்கையே பாருங்கள். 1960-களில் இங்கிருந்த குன்றுகளை வெட்டி, அந்த மண்ணைக் கொண்டு கிழக்குக் கடற்கரையில் கடலைத் தூர்த்தார்கள். கம்பங்கள் மறைந்தன, 1970-களில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. இன்று இரண்டரை இலட்சம் மக்களுக்கு மேல் வாழும் பேட்டை இது. ஒரே மின்தூக்கியில் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோரும் ஏறி இறங்குகிறோம். பிள்ளைகள் ஒரே களத்தில் வியர்வை சிந்தினால்தான் பக்கத்து வீட்டுக்காரரின் பெயராவது நமக்குத் தெரியவரும்.

நிற்க. இனிச் செய்யவேண்டியது என்ன?

முதலாவது, கணக்கு. இங்கே கிராணி வேலை பார்த்த அன்பர்கள் இருந்தால் உடனே விளங்கிக்கொள்வார்கள். பத்து நிமிடம் வீதம் நான்கு கால் பகுதி. ஆக ஆட்டம் 40 நிமிடம். களத்தில் ஐவர் என்றால் மொத்தம் 200 ஆள்-நிமிடம். பத்துப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டால் தலைக்கு 20 நிமிடம், அதாவது இரண்டு கால் பகுதி. பன்னிரண்டு பிள்ளைகள் இருந்தால், ஐந்தைந்து நிமிடமாகப் பிரித்துத் தலைக்கு மூன்று தவணை கொடுக்கலாம். அப்போதும் நான்கு தவணை மிஞ்சும். இதைச் செய்யப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. தோட்டத்தில் பெரட்டு எடுத்துச் செக்ரோலில் பேர் போடுவதுபோல ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அந்த நோட்டு மேசைமேல் திறந்தே கிடக்கவேண்டும். எந்தத் தாயும் எந்த நேரமும் பார்க்கலாம்.

"இப்படிச் செய்தால் தோற்றுப்போவோமே?" என்று கேட்பீர்கள். ஆம், சில ஆட்டங்களில் தோற்போம். இதை மறைக்க மாட்டேன். ஆனால் சங்கத்தில் எல்லோரும் ஒரே சந்தா கட்டுகிறோம். கட்டையானவனுக்கு ஓர் உரிமை, நெட்டையானவனுக்கு ஓர் உரிமை என்று வைத்தால் ஒப்புக்கொள்வோமா? பதினைந்து, பதினாறு வயது ஆன பிள்ளைகளுக்குக் கடைசிக் கால் பகுதியைப் பயிற்றாளர் விருப்பத்துக்கு விடலாம். போட்டியின் சூட்டை அவர்களும் அறியவேண்டும் அல்லவா? 12 வயதுக்குட்பட்டோரில் மட்டும் இந்த விதியைத் தளர்த்தவே கூடாது.

இரண்டாவது, அளவு. பெரியவர்களின் வளையம் பத்தடி உயரம், சிறாருக்கு 2.60 மீட்டர் என்று உலகக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் சிறுவர் விதியே கூறுகிறது. பந்தும் ஐந்தாம் எண் சிறு பந்து. பெரிய பந்தைக் கொடுத்துவிட்டு, "இவனுக்குக் கை வரவில்லை" என்று சொல்வது நியாயமா? பால்வெட்டுத் தொழிலாளிக்கு இது தெரியும். மரத்தின் சுற்றளவு 50 செண்டிமீட்டர் ஆகுமுன் கத்தி வைப்பதில்லை. அதற்கு ஐந்தாறு ஆண்டுக்கு மேல் பொறுக்கிறோம். இளமரத்தில் அவசரப்பட்டு வெட்டினால் மரம் வளர்ச்சி குன்றிப்போகும். மரத்துக்குக் காட்டும் பொறுமையைப் பிள்ளைக்குக் காட்டக்கூடாதா?

மூன்றாவது, பெண் பிள்ளைகள். "பெண்ணுக்கு எதற்குப் பந்து?" என்று கேட்போருக்குச் சென்னையின் அனிதா பால்துரையைக் காட்டுகிறேன். இந்திய மகளிர் குழுவின் தலைவியாக விளங்கியவர். ஒன்பது ஆசியப் போட்டிகளில் ஆடியவர். குழந்தை பெற்ற பின்னும் களத்துக்குத் திரும்பியவர். 2021-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. பெண்களுக்குத் தனிக் குழு அமையும்வரை அவர்கள் சேர்ந்தே ஆடட்டும்.

நான்காவது, நாளும் பொழுதும். செப்டம்பர் கடைசியில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு வரும். அந்த வாரங்களில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆட்டம் வேண்டாம். "படிப்பா, பந்தா?" என்று எந்தத் தாயையும் கேட்க வைக்காதீர்கள். நம் தீவில் ஆண்டுக்கு நூற்றைம்பது நாட்களுக்கு மேல் இடி முழங்குகிறது. திறந்தவெளிக் களத்தில் மின்னல் எச்சரிக்கை வந்தால், ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் உடனே நிறுத்திக் கூரைக்கடியில் வந்துவிட வேண்டும். ஒரு புள்ளிக்காக ஒரு பிள்ளையைப் பணயம் வைக்கலாகாது.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். கோட்டுக்கு வெளியே நின்று நடுவரை ஏசாதீர்கள். அவரும் பெரும்பாலும் ஓய்வுநாளைத் தியாகம் செய்து வந்தவர்தான். உங்கள் பிள்ளை பந்தைத் தவறவிட்டால் வீட்டுக்குப் போகும் வழியில் அதைப்பற்றிப் பேசாதீர்கள். பசிக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

தோழர்களே! பருவம் முடியும்போது எத்தனை கோப்பை என்று என்னைக் கேட்காதீர்கள். தொடக்கத்தில் பேர் கொடுத்த பிள்ளைகளில் கடைசி நாள் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேளுங்கள். அதுவே நம் வெற்றிக் கணக்கு.

அந்தப் பையனின் வீட்டுக்குப் போன வாரம் போயிருந்தேன். தகப்பனார் கதவைத் திறந்தார். "தப்பு அவனுடையது அல்ல, என்னுடையது" என்று மகனுக்கு எதிரிலேயே சொன்னேன். பையன் ஒன்றும் பேசவில்லை. அந்தச் சப்பாத்து இப்போது அவனுக்குச் சின்னதாகிவிட்டதாம். அவன் தாயார் சொன்னார். வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நோட்டுப் புத்தகத்தில் முதல் பேராக அவன் பேரை எழுதி வைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை காலையில் பெரட்டு எடுக்கும்போது அந்தப் பேரைத்தான் முதலில் கூப்பிடுவேன்.