முன்கட்டண உணவுச் சீட்டு: வாங்கலாமா?

ஜொகூரின் இஸ்கண்டார் புத்ரியில் 2012 செப்டம்பரில் திறக்கப்பட்ட லெகோலேண்ட், ஆசியாவின் முதல் லெகோலேண்ட் என்பதால், பள்ளி விடுமுறைகளில் குடும்பங்கள் நாடிச் செல்லும் இடமாக விளங்குகிறது. இத்தகைய கேளிக்கைப் பூங்காக்களில், நுழைவுச் சீட்டோடு சாப்பாட்டுக்கான தொகையையும் முன்னதாகவே செலுத்திவிடும் ஏற்பாடு முன்கட்டண உணவுத் திட்டம் எனப்படும். செலவு முன்பே தெரிந்துவிடுவது இதன் உண்மையான நன்மையே. ஆயினும், உண்ணாமல் விடும் ஒவ்வொரு வேளையும் விற்பவருக்கே ஆதாயமாவதால், வாங்குமுன் குடும்பத்தின் வழக்கத்தைக் கணக்கிட வேண்டும்.

வெயிலில் அலைந்து களைத்த சிறுபிள்ளை சோற்றில் பாதியை ஒதுக்கிவிட்டுக் குளிர்பானம் கேட்கும். புரட்டாசியில் சைவம் கடைப்பிடிக்கும் பாட்டிக்கு உகந்த உணவு அந்த உணவுச் சீட்டில் அடங்குகிறதா என்பதையும் விசாரித்தறிய வேண்டும். மாலைக்குள் வெளியேறுவோருக்கு, அருகிலுள்ள புக்கிட் இண்டாவிலேயே வாழையிலைச் சோறு கிடைக்கும்.

ஆகவே, உறுதியாக உண்ணப்போகும் வேளைகளின் தனி விலையைக் கூட்டிப் பார்த்து, அத்தொகை திட்டத்தின் விலையை மிஞ்சினால் மட்டுமே வாங்குவதும், சீட்டு செல்லுபடியாகும் கடைகளையும் நேரத்தையும் முன்பே கேட்டறிவதும் குடும்பத்தின் பணத்தைக் காக்கும்.