தடுமாறிய இடங்கள்: பட்டி ஸ்மித்தின் மேடையும் கேட்டவர்களின் நினைவும்

இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்கும்போதே ஒரு சிக்கல் வந்தது. கவிஞரின் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது? ‘பாட்டி ஸ்மித்’ என்றால் படிப்பவர்கள் சிரிப்பார்கள். 1946இல் பிறந்தவர்தான், பேரப்பிள்ளை வயதில் ரசிகர்கள் உள்ளவர்தான், ஆனாலும் அது நியாயமாகப் படவில்லை. அமெரிக்க உச்சரிப்பை ஒட்டிப் ‘பேட்டி’ என்று போட்டால் ஸ்மித் என்பவர் யாருக்கோ கொடுத்த பேட்டி ஆகிவிடும். கடைசியில் ‘பட்டி’ என்று முடிவாயிற்று. அவருடைய முதல் ஆல்பத்தின் பெயர் ‘ஹார்சஸ்’, அதாவது குதிரைகள். பட்டி மாட்டுக்கு, குதிரைக்கு லாயம் அல்லவா என்று கேட்பவர்களோடு வாதாட நேரமில்லை.

பங்க் ராக் இசைக்குக் கவிதையின் வழியே கதவு திறந்தவர் என்று பட்டி ஸ்மித்தைச் சொல்வது வழக்கம். அவருடைய கவிதை நூல்களையும் இசைத்தட்டுகளையும் பற்றி நிறைய எழுதியாயிற்று. இங்கே எடுத்துக்கொண்டது வேறு: அவர் மேடையில் நின்றபோது எதிரே இருந்தவர்கள் எதை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள் என்பது. ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் அந்த நினைவுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு விந்தை தெரிகிறது. பிசிறில்லாமல் பாடிய பாட்டைப் பற்றி அதிகம் பேச்சில்லை. விழுந்தது, மறந்தது, நின்றுபோனது, கிதார் நரம்பு அறுந்தது: பேச்சு சுற்றிச் சுற்றி அங்கேயே வருகிறது.

தொடக்கமே ஒரு விபத்துச் சத்தத்தில்தான். 1971 பிப்ரவரி 10 அன்று நியூயார்க் பவரியில் உள்ள செயின்ட் மார்க்ஸ் தேவாலயத்தில் கவிதை வாசிப்பு. 1966 முதல் அங்கே ஒரு கவிதை அமைப்பு இயங்கிவந்தது. அமெரிக்கப் புதுக்கவிஞர்களுக்கு அது கோயில் மாதிரி. அன்றைய முக்கியக் கவிஞர் ஜெரார்டு மலாங்கா. அவருக்கு முன்னால் வாசிக்க வந்தவர்தான் இருபத்து நான்கு வயது பட்டி ஸ்மித்.

அவருக்குள் ஒரு சபதம் இருந்தது. மூத்த கவிஞர் கிரகரி கோர்சோ இத்தகைய வாசிப்புகளுக்கு வந்து உட்கார்ந்து, சலிப்பூட்டும் கவிஞர்களைப் பார்த்து ரத்தம் ஏற்றிக்கொண்டு வரும்படி கூச்சல் போடுவாராம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதையெல்லாம் பார்த்தவர், தன் முறை வரும்போது யாரையும் தூங்கவிடக் கூடாது என்று தீர்மானித்திருந்தார். அதனால் பிளீக்கர் தெரு ரிக்கார்டு கடையில் வேலை பார்த்த லென்னி கேயை அழைத்துவந்தார். அவரிடம் கேட்டது ஒன்றுதான்: கார் மோதி நொறுங்கும் சத்தத்தைக் கிதாரில் கொண்டுவர முடியுமா? முடியும் என்றார் கே. கவிதை படிக்கும் தேவாலயத்துக்குள் மின்சாரக் கிதாரும் ஒலிபெருக்கியும் நுழைந்தன. சிலருக்கு இது அபசாரமாகப் பட்டது. சிலர் ஆரவாரம் செய்தார்கள். அன்று வாசித்தது ஒலிநாடாவில் பதிவாகிப் பிற்காலத்தில் குறுந்தகடாகவும் வந்திருக்கிறது.

அன்று அவர் படித்தவற்றில் ‘ஓத்’ என்றொரு கவிதை உண்டு. ‘சபதம்’ என்று சொல்லலாம். சில ஆண்டுகள் கழித்து ரிச்சர்ட் ஹெல் என்ற இசைக்காரரிடமிருந்து 40 டாலருக்கு ஒரு பேஸ் கிதார் வாங்கினார். ஒத்திகையில் அதன் ஒரு நரம்பைத் தட்டிவிட்டு அந்தக் கவிதையைச் சொல்லிக்கொண்டே போக, அது அப்படியே வேன் மாரிசனின் பழைய பாட்டான ‘குளோரியா’வுக்குள் போய் விழுந்தது. 1975இன் இறுதியில் வந்த ‘ஹார்சஸ்’ அந்தக் கலவையோடுதான் தொடங்குகிறது. 1971இல் வெறும் சொல்லாகக் கேட்டதே நான்கு ஆண்டு கழித்துப் பாட்டாக வந்தபோது, இரண்டையும் கேட்டவர்கள் பாக்கியவான்கள்.

பவரி தெரு 315ஆம் எண்ணில் சிபிஜிபி இருந்தது. ஹில்லி கிறிஸ்டல் 1973 டிசம்பரில் தொடங்கிய மதுக்கடை. பெயரின் நான்கு எழுத்துகளும் நாட்டுப்புற இசையையும் புளூஸையும் குறிப்பவை. பங்க் இசைக்காக அவர் கடை திறக்கவில்லை. நீண்டு ஒடுங்கிய அறை. ஒரு பக்கம் மதுப்பலகை, தலைக்குமேல் பீர் கம்பெனிகளின் நியான் பலகைகள், கோடியில் ஒரு தாழ்ந்த மேடை. கழிப்பறையைப் பற்றி அங்கே போனவர்கள் எழுதியிருப்பதைச் சாப்பாட்டு வேளையில் படிக்காமலிருப்பது நல்லது. 1975இன் தொடக்கத்தில் பட்டி ஸ்மித்தும் டாம் வெர்லேனின் ‘டெலிவிஷன்’ குழுவும் அங்கே வாரக்கணக்கில், வாரம் நான்கு இரவு, இரவுக்கு இரண்டு முறை மேடையேறினார்கள்.

இந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அதே அறை, அதே பாட்டு, பெரும்பாலும் அதே முகங்கள். அப்படியானால் அலுத்திருக்க வேண்டுமே. அலுக்காததற்குக் காரணம், பாட்டு ஒரே பாட்டாக இருக்கவில்லை. ரிச்சர்ட் சோல் பியானோவில் இரண்டு மூன்று சுரங்களையே சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருப்பார். அதன்மேல் ஏறி நின்றுகொண்டு ஸ்மித் வாய்க்கு வந்ததைக் கட்டிச் சொல்வார். ஒரு நாள் அது மேலே பறக்கும். இன்னொரு நாள் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும், அவரே சிரித்துவிட்டு வேறு பக்கம் திரும்புவார். ‘லேண்ட்’ என்ற நீண்ட பாட்டு இந்த மாதிரி மேடையிலேயே வளர்ந்தது. ஆல்பத்தில் உள்ளது அதன் ஒரு நாள் வடிவம் மட்டும். 1976 ஜனவரி 30 அன்று லாஸ் ஏஞ்சலஸ் ராக்ஸி அரங்கில் நடந்த நிகழ்ச்சியின் திருட்டுப் பதிவை ரசிகர்கள் கைமாற்றிக் கைமாற்றித் தேய்த்ததற்கும் இதுவே காரணம். மறுநாள் அதே பாட்டு கிடைக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். பதிவு செய்தவர் செய்தது சட்டப்படி குற்றம். ஆனால் அவருக்கு இலக்கிய வரலாறு ஒரு நன்றி சொல்லக் கடன்பட்டிருக்கிறது.

1976 மே மாதம் லண்டன் ரவுண்ட்ஹவுஸில் நிகழ்ச்சி. 1847இல் ரயில் எஞ்சின்களைத் திருப்பிவிடுவதற்காகக் கட்டிய வட்டக் கொட்டகை அது. லண்டனில் பங்க் அலை இன்னும் முழுதாக எழாத காலம். அந்தக் காலத்துப் பெண் ரசிகர்களின் நினைவுகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன: உடை, நிற்கும் விதம், மூச்சு. ‘ஹார்சஸ்’ அட்டையில் ராபர்ட் மேப்பிள்தார்ப் எடுத்த படத்தில் அவர் வெள்ளைச் சட்டை போட்டு, கறுப்புக் கோட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறார், யாருக்காகவும் சிரிக்கவில்லை. பின்னாளில் ‘ஸ்லிட்ஸ்’ குழுவில் கிதார் வாசித்த விவ் ஆல்பர்டின், 2014இல் வெளியான தன்வரலாற்றில் அந்த அட்டையும் அந்தக் குரலும் தன்னை என்ன செய்தன என்று எழுதியிருக்கிறார். அந்த ‘ஸ்லிட்ஸ்’ குழுவுக்கு வித்திட்ட ஆரி அப், பாமாலிவ் இருவரும் சந்தித்துக்கொண்டதே 1976இல் பட்டி ஸ்மித்தின் நிகழ்ச்சி ஒன்றில்தான். ஆரிக்கு அப்போது பதினான்கு வயது.

பதினான்கு வயது என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். 1978இல் மான்செஸ்டர் அப்பல்லோ அரங்கில் ஸ்மித்தைக் கேட்கப் போன ஜானி மாருக்கும் அதே வயது. அந்தக் கூட்டத்தில் அவருக்கு மாரிசி என்ற இளைஞரை யாரோ அறிமுகம் செய்துவைத்தார்கள். இருவரும் சேர்ந்து ‘தி ஸ்மித்ஸ்’ குழுவைத் தொடங்கியது 1982இல். குழுவின் பெயருக்கும் இந்தக் கவிஞருக்கும் முடிச்சுப் போடச் சிலருக்கு ஆசை. அதில் இறங்க வேண்டாம். அமெரிக்காவில் மைக்கேல் ஸ்டைப் பதினைந்து வயதில் ‘ஹார்சஸ்’ கேட்டுவிட்டு, இனி வாழ்க்கை இசைதான் என்று தீர்மானித்ததாகப் பலமுறை சொல்லியிருக்கிறார். அவருடைய ‘ஆர்.இ.எம்.’ உலகப் புகழ் பெற்ற குழு. அப்படிப்பட்டவர் 1995 டிசம்பரில் ஸ்மித் மீண்டும் ஊர் ஊராகப் பாடப் புறப்பட்டபோது கேமராவோடு கூடவே போய், எடுத்த படங்களை 1998இல் புத்தகமாகப் போட்டார். நட்சத்திரம் இன்னொருவருக்கு ரசிகனாக இருப்பதைப் பார்க்க அந்தப் படங்கள் போதும்.

இனி விழுந்த கதை.

1977 ஜனவரி 23, புளோரிடாவின் டாம்பா நகரம். பாப் சீகரின் கச்சேரிக்கு முன்னால் ஸ்மித்தின் குழு வாசிக்கிறது. கூட்டத்தில் பெரும்பாலானோர் சீகருக்காக வந்தவர்கள். ‘எய்ன்ட் இட் ஸ்ட்ரேஞ்ச்’ என்ற பாட்டில் கடவுளைச் சண்டைக்கு இழுக்கும் ஓரிடம் உண்டு. சூஃபிகள் சுழல்வதுபோல் சுழன்றுகொண்டே அந்த இடத்துக்கு வருவது அவர் வழக்கம். அன்று சுழன்ற கால் மேடையின் விளிம்பைத் தாண்டிவிட்டது. சுமார் பதினைந்து அடி கீழே கான்கிரீட் தரை. கழுத்தெலும்பு முறிந்தது, தலையில் தையல் போட வேண்டியதாயிற்று. சவாலுக்குப் பதில் வந்துவிட்டது என்று நம்மூர்ப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். ஸ்மித்தும் அந்தப் பொருத்தத்தைக் கவனிக்காமல் விட்டவரல்லர். படுக்கையில் இருந்த மாதங்களில் ‘பேபல்’ கவிதை நூலுக்கு வேலை செய்தார். அந்த ஆண்டு ஈஸ்டர் சமயத்தில் கழுத்துப் பட்டையோடு சிபிஜிபி மேடைக்குத் திரும்பினார். உயிர்த்தெழுந்த நாளைத் தேர்ந்தெடுத்துத் திரும்பியதைக் கண்டு ரசிகர்கள் குதூகலித்தார்கள். அடுத்த ஆண்டு வந்த ஆல்பத்தின் பெயரும் ‘ஈஸ்டர்’தான். அதிலிருந்த ‘பிகாஸ் தி நைட்’ பாட்டு அமெரிக்கத் தரவரிசையில் 13ஆம் இடம் வரை போனது.

பிறகு 1979 செப்டம்பர் 10. இத்தாலியின் பிளாரன்ஸ் நகரக் கால்பந்து மைதானத்தில் எழுபதாயிரம் பேருக்குமேல் கூடிவிட்டார்கள். சிபிஜிபியின் ஒடுங்கிய அறையில் தொடங்கியதற்கு இது பொருத்தமே இல்லாத அளவு. அன்று பாடி முடித்தபோது அதுவே குழுவின் கடைசி நிகழ்ச்சி என்று கூட்டத்துக்குத் தெரியாது. 1980இல் பிரெட் ஸ்மித்தை மணந்துகொண்டு டெட்ராய்ட் பக்கம் போய்விட்டார். இரண்டு பிள்ளைகள். 1988இல் ஓர் ஆல்பம் வந்ததோடு சரி, மேடைப் பயணம் இல்லை. இத்தாலியில் அந்த இரவை நேரில் கண்டவர்கள், காணாதவர்கள் இரு சாராருமே அதைச் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். 2009இல் அதே நகரத்தின் சாந்தா குரோச்சே சதுக்கத்தில் அவர் மறுபடி பாடினார்.

இடைப்பட்ட ஆண்டுகள் சாவுகளால் ஆனவை. 1989இல் மேப்பிள்தார்ப், 1990இல் சோல், 1994 நவம்பரில் கணவர், அடுத்த மாதமே தம்பி டாட். மேடைச் சாமான்களைப் பார்த்துக்கொண்ட குழுவுக்குத் தலைமை தாங்கியவர் டாட். அலன் கின்ஸ்பெர்க் போன்ற நண்பர்கள் வற்புறுத்தி ஸ்மித்தை மறுபடி மேடைக்கு இழுத்துவந்தார்கள். திரும்பியவர் நடுங்கிய குரலோடுதான் திரும்பினார். 2006 அக்டோபர் 15 அன்று வாடகைத் தகராறில் சிபிஜிபி மூடப்பட்ட கடைசி இரவில் மூன்று மணி நேரத்துக்கு மேல் பாடிவிட்டு, இறுதியில் ‘எலெஜி’ பாட்டோடு, இறந்துபோன இசைக்காரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். 2008இல் அந்த இடத்தில் துணிக்கடை வந்தது.

2015 கிளாஸ்டன்பரி விழாவில் தலாய் லாமாவை மேடைக்கு அழைத்து எண்பதாவது பிறந்தநாள் கேக் கொடுத்ததும் அவர்தான், அதே மேடையில் கால் இடறி விழுந்து எழுந்து, விழுந்ததையே பெருமையாகக் கத்தியவரும் அவர்தான். அங்கிருந்தவர்களைக் கேட்டால் இரண்டில் எது முதலில் வாயில் வரும் என்று ஊகிப்பது கடினமில்லை.

ஸ்டாக்ஹோமில் நடந்ததை உலகமே பார்த்தது. 2016 டிசம்பர் 10, நோபல் பரிசு விழா. பரிசு பெற்ற பாப் டிலன் வரவில்லை. அவருடைய ‘எ ஹார்ட் ரெயின்ஸ் எ-கான்னா ஃபால்’ பாட்டை ஸ்மித் பாடினார். இலக்கியப் பரிசு யாருக்கு என்று அறிவிக்கும் முன்பே அவருக்கு அழைப்பு வந்திருந்தது. தன் பாட்டொன்றைப் பாட நினைத்திருந்தவர், டிலன் பெயர் வந்ததும் மாற்றிக்கொண்டார். பதின்ம வயதிலிருந்து நேசித்த பாட்டு, மறைந்த கணவருக்கும் பிடித்தது. இரண்டாம் பத்தியில் நின்றுவிட்டது. அரச குடும்பம் எதிரே, பின்னால் முழு ஆர்கெஸ்ட்ரா. மன்னிக்க வேண்டும், பதற்றமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அந்தப் பகுதியை மறுபடி தொடங்கக் கேட்டார். அரங்கம் கைதட்டியது. சொற்கள் மறக்கவில்லை, வெளியே வர மறுத்தன என்று பின்னர் நியூயார்க்கர் இதழில் எழுதினார். மறுநாள் காலை உணவின்போது நோபல் விஞ்ஞானிகள் சிலர் அவரிடம் வந்து, அத்தனை பேர் முன்னால் அவர் பட்ட பாட்டை மதித்துப் பேசினார்களாம். ஆய்வுக்கூடத்தில் அன்றாடம் தோற்றுப் பழகியவர்களுக்கு அது புரிந்திருக்கும்.

கடைசியாக ஒரு பை. 1979இல் சிக்காகோவில் குழுவின் சாமான்கள் இருந்த லாரி திருடுபோனது. கருவிகளோடு அவருடைய மேடை உடைகளும் போயின. 2015இல் அதே நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் புத்தக நிகழ்ச்சி. கேள்வி நேரத்தில் ஒரு பெண் எழுந்து, தன்னிடம் அவருக்குச் சொந்தமான சில பொருள்கள் இருக்கின்றன என்று மேடைக்கு ஒரு பையை அனுப்பினார். பைக்குள் 1978 ரோலிங் ஸ்டோன் இதழின் அட்டைப்படத்துக்காக அவர் போட்டிருந்த சட்டை இருந்தது. அதோடு, தம்பி டாட் கொடுத்திருந்த கழுத்துத் துண்டும். வாசிக்க வந்தவரால் உடனே வாசிக்க முடியவில்லை. துண்டைக் கையில் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார், அரங்கம் காத்திருந்தது.