மின்சாரம் உள்ளவரை நினைவு

நான் கலைப் பட்டதாரி. மொழிபெயர்ப்பே என் தொழில். மின்னணுவியல் கையேடு ஒன்றைத் தமிழாக்கியபொழுது ‘ஸ்டாடிக் மெமரி’ என்பதற்கு ‘நிலையான நினைவகம்’ என்று எழுதிவிட்டேன். தில்லியில் எங்கள் அண்டை வீட்டுத் தமிழ் மாணவர் அதைப் படித்து, தாம் செய்த வெப்பப் பதிவுக் கருவியில் அச்சில்லையே பொருத்தினார். மூன்று நாள் அளவுகள் சேர்ந்தன. நான்காம் இரவு மின்சாரம் நின்றது, காலையில் ஒன்றுமில்லை. “மாமா, நிலையானது என்று எழுதியிருந்தீர்களே!” என்றார். என்னிடம் விடை இல்லை. பிறகுதான் கற்றேன்.

இச்சில்லில் ஒரு பிட்டைக் காக்கப் பெரும்பாலும் 6 டிரான்சிஸ்டர்கள் உள்ளன. நான்கு டிரான்சிஸ்டர்கள் இரண்டிரண்டாய் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். மற்ற இரண்டும் வாயிற்காவலர். டைனமிக் வகைக்கு ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியுமே போதும். ஆனால் மின்னூட்டம் கசிவதால், பொதுவாக 64 மில்லி விநாடிக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அப்புதுப்பிப்பு வேண்டாதது என்பதே ‘ஸ்டாடிக்’ என்பதன் பொருள். மின்சாரம் போனால் இரண்டுமே மறந்துவிடும்.

தில்லி லஜ்பத்ராய் மார்க்கெட்டிலோ, மும்பை லாமிங்டன் ரோட்டிலோ, பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலோ சில்லு வாங்கும் நேயர்கள் நான்கு செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது கொள்ளளவு. 62256 என்னும் சில்லு 32,768 பைட்டுகள் கொள்ளும்; அதற்கு 15 முகவரி இணைப்புகளும் 8 தரவு இணைப்புகளும் உண்டு. இரண்டாவது வேகம். 70 நானோ விநாடி என்றிருந்தால், முகவரி கொடுத்தபின் அந்நேரத்திற்குள் விடை கிடைக்கும். செயலி அதற்கு முன்பே விடையை எடுத்துக்கொள்ளுமாயின் பிழை நேரும். மூன்றாவது மின்னழுத்தம். 3.3 வோல்ட்டுக்குரிய சில்லை 5 வோல்ட்டில் இணைத்தால் கெட்டுவிடக்கூடும்.

நான்காவதே அம்மாணவருக்கு நேர்ந்த இடர். மின்தடையிலும் தரவு வேண்டுமெனில், ஓய்வில் மிகக் குறைந்த மின்னோட்டம் கொள்ளும் வகையைத் தேர்ந்து, மின்கலம் ஒன்றைத் துணையாக்க வேண்டும். அத்தகைய சில்லுகளிற் பல 2 வோல்ட்டிலும் தரவை இழப்பதில்லை. எனினும் மின்சாரம் விழும் கணத்தில் தவறான எழுத்து பதிந்துவிடாதபடி, சில்லை இயக்கும் முனையை அடைத்து வைக்க வேண்டும். இதை மறந்தால் மின்கலம் இருந்தும் பயனில்லை.

மாணவர் அவ்வாறே செய்தார். கருவி இப்பொழுது மின்தடையைத் தாங்குகிறது. நானும் என் தமிழாக்கத்தைத் திருத்தி, ‘புதுப்பிக்க வேண்டாத நினைவகம்’ என்று எழுதினேன். சொல் நீண்டுவிட்டது, ஆனால் இனி எவரையும் ஏமாற்றாது.