லோணார் உவர் ஏரி

மராட்டிய மாநிலத்துப் புல்டாணா மாவட்டத்தில் லோணார் என்றொரு சிற்றூர் உண்டு. ஊரின் எல்லையில் நிலம் திடீரென அற்றுப்போகிறது. கீழே ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர் குறுக்களவுள்ள வட்டப் பள்ளம். அதன் அடியில் பச்சை நிறத்து நீர். அந்நீரை அள்ளி நாவில் வைத்தால் உவர்க்கும். கைகளில் தேய்த்தால் சவுக்காரம்போல் வழுக்கும்.

இத்தகைய பள்ளத்தைக் கண்டவர் காரணம் தேடாமல் இருக்க இயலுமா? லவணாசுரன் என்பவன் நிலத்தடியில் மறைந்திருந்து உலகை வருத்தினான் என்றும், திருமால் அழகிய இளைஞனாக வந்து, அவன் தங்கையரின் வாயிலாக அவ்விடத்தை அறிந்து, குகையின் மூடியைக் கால்விரலால் தூக்கியெறிந்து அவனை அழித்தார் என்றும் ஊரார் கூறுவர். லவணம் என்றால் உப்பு. ஊருக்குள் தைத்தியசூதனர் திருக்கோயில் நிற்கிறது. அசுரனை அழிக்கும் காட்சியை அங்கே சிற்பமாகவும் காணலாம். மேலிருந்து ஓர் ஆற்றல் தாக்கி நிலத்தைப் பிளந்தது என்ற அளவில், இக்கதை பிற்கால அறிவியலுக்கு வெகு தொலைவில் இல்லை என்பது நமக்கு வியப்பளிக்கிறது.

அறிஞர்களோ நெடுங்காலம் தடுமாறினர். 1823-இல் அலெக்சாண்டர் என்னும் ஆங்கில அதிகாரி இவ்வேரியைக் குறித்து எழுதினார். சுற்றிலும் இருப்பது எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறை. ஆகவே இதுவும் எரிமலை வாயே என்று பலர் கருதினர். ஆனால் தக்காணத்தில் அக்குழம்பு பரவி ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன; பள்ளமோ இன்னும் சிதையாமல் இருக்கிறது. 1896-இல் அமெரிக்க அறிஞர் கில்பர்ட் இதனை அரிசோனாப் பள்ளத்தோடு ஒப்பிட்டார். முடிவான சான்று 1973-இல் வந்தது. பிரெட்ரிக்சன், துபே, மில்ட்டன், பாலசுந்தரம் ஆகிய நால்வர், பள்ளத்தின் அடியில் துளையிட்டு எடுத்த பாறையில் மாஸ்கெலினைட்டைக் கண்டனர். கடும் அதிர்ச்சியால் உருகாமலே கண்ணாடியாக மாறிய கனிமம் அது, எரிமலையால் உண்டாவதன்று. விண்கல் விழுந்தது உறுதியாயிற்று. சந்திரனின் தரையிலும் பசால்ட்டே பரவியிருப்பதால், அங்குள்ள பள்ளங்களை அறிய விரும்புவோர் லோணாரை நாடி வருகின்றனர். விழுந்த காலம் பற்றி மட்டும் ஒற்றுமை இல்லை. ஒரு முறையால் கணித்தால் ஏறத்தாழ 52,000 ஆண்டுகள். மற்றொன்றால் 5,70,000 ஆண்டுகள்! பின்னதைக் கூறும் ஆர்கான் முறை புதியது.

ஊருக்கு இவ்வேரி வெறும் காட்சிப்பொருளாக இருந்ததில்லை. சவுக்காரமும் கண்ணாடியும் செய்வதற்கான பொருள்கள் இங்கே கிடைப்பதாக அக்பர் காலத்து அயினி அக்பரி குறிக்கிறது. கோடையில் நீர் சுருங்கக் கரையில் படியும் காரத்தை மக்கள் வாரியெடுத்து விற்றனர். நம் ஊர்ச் சலவைத் தொழிலாளர் உவர்மண்ணைத் தேடியதை எண்ணினால் அத்தொழிலின் மதிப்பு விளங்கும்.

2020 ஜூன் மாதத்தில் ஏரி இளஞ்சிவப்பாக மாறியது. சிலர் அஞ்சினர், சிலர் தெய்வச் செயல் என்றனர். நீர் குறைந்து உப்பு மிகுந்தமையால் உப்பை விரும்பும் நுண்ணுயிர்கள் பெருகியதே காரணம் எனப் புனேயிலுள்ள அகர்கர் ஆய்வு நிலையம் கண்டது. மழை வந்ததும் நிறம் மறைந்தது. அவ்வாண்டு நவம்பரில் ஏரி ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது.

உண்மையில் அஞ்சத்தக்கது வேறு. இவ்வுவர் நீரில் வாழும் நுண்ணுயிர்கள் நல்ல நீரில் வாழமாட்டா. ஊர்க் கழிவு ஏரியில் கலப்பதும், சீமைக் கருவேலம் சரிவுகளில் பரவுவதும் நீதிமன்றம் வரை சென்ற முறையீடுகள். உப்பு குறைந்தால் ஏரி இருக்கும். லோணார் ஏரியாக இராது. ஆயினும் நல்ல நீரையெல்லாம் தடுத்துவிடவும் இயலாது. பள்ளத்தின் விளிம்பில் தாரா என்னும் வற்றாத ஊற்று பசுமுக வாயிலாக விழுகிறது. நவராத்திரியில் வருவோர் அந்நன்னீரில் நீராடி, சரிவில் இறங்கி, உவர்க்கரையில் வீற்றிருக்கும் கமலஜா தேவியை வழிபடுகின்றனர். அவர்கள் நீராடிய நீரும் அவர்களுக்குப் பின்னே ஏரியை நோக்கியே இறங்குகிறது.