தாயின் கைத்தொழிலும் மக்களின் கல்வியும்

பிழைப்பை நாடிப் பிறநாடு செல்லும் குடும்பங்களிலே விந்தையான ஒரு மாறுதல் நிகழ்வதுண்டு. புதிய மொழியைப் பிள்ளைகள் விரைவிற் கற்றுவிடுகின்றனர். பெற்றோர் கற்க இயலாது தடுமாறுகின்றனர். கடைக்குச் சென்றாலும் வைத்தியரிடம் சென்றாலும் பிள்ளையே தாய்க்காகப் பேசவேண்டும். வழிகாட்ட வேண்டியவள் பிள்ளையின் பின்னே நடக்கிறாள். நாளடைவில் அவளது உடையும் ஊர்வழக்கமும் பிள்ளைக்கு வெட்கந் தருவனவாகின்றன. இப்பிளவைக் கலைக்கல்வி ஆற்றவல்லதா? இவ்வினாவுக்குச் சிக்காகோ நகரிலே ஒரு விடை காணப்பட்டது.

1889ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஜேன் அடம்ஸ் அம்மையாரும் அவர் தோழி எலன் கேற்ஸ் ஸ்ரார் அம்மையாரும் அந்நகரின் ஹால்ஸ்ரெட் வீதியிலிருந்த ‘ஹல் ஹவுஸ்’ என்னும் பழைய மாளிகையிற் குடிபுகுந்தனர். இலண்டனிலே கற்றோர் ஏழைகளிடையே சென்று வாழ்ந்த ரொயின்பி மண்டபமே அவர்களுக்கு முன்மாதிரி. சுற்றிலும் இத்தாலியர், கிரேக்கர், ஜேர்மானியர், அயர்லாந்தினர், ருஷ்ய நாட்டு யூதர் எனப் பல இனத்தவர் நெருங்கி வாழ்ந்தனர். 1891இல் ஓர் ஓவியக்கூடமும், 1893இல் ஓர் இசைப்பள்ளியும் அங்கே எழுந்தன. நற்பணிகளே எனினும், கற்றோர் கொடுப்பதும் ஏழைகள் பெறுவதுமாகவே அவை அமைந்தன.

ஒருநாள் வீதியிலே நடந்துசென்ற அடம்ஸ் அம்மையார், வீட்டுப் படியில் அமர்ந்து தக்கிளியால் நூல் நூற்றுக்கொண்டிருந்த இத்தாலிய மூதாட்டி ஒருவரைக் கண்டார். தலைமுறை தலைமுறையாக வந்த கைத்திறன், காண்பாரும் மதிப்பாருமின்றித் தெருவோரத்திற் கிடந்தது. இத்தகைய மூதாட்டியரின் பேரப்பிள்ளைகளோ இயந்திர ஆலைகளுக்கு வேலைக்குச் செல்பவர்கள். பாட்டியின் தக்கிளிக்கும் ஆலையின் இயந்திரத்துக்கும் உள்ள உறவை அவர்களுக்கு உணர்த்துவோர் எவருமிலர்.

இக்குறையை நீக்கவே 1900ஆம் ஆண்டில் ஹல் ஹவுஸிலே தொழில் அரும்பொருட்சாலை தொடங்கப்பட்டது. அரும்பொருட்சாலை என்றதும் கண்ணாடிப் பெட்டிகளை எண்ணுதல் வேண்டா. அங்கே காட்சிப்பொருள்களோடு கைத்தொழில் வல்லாரும் அமர்ந்திருந்தனர். சனிக்கிழமை மாலைகளிலே சீரியா, கிரீஸ், இத்தாலி, ருஷ்யா, அயர்லாந்து ஆகிய நாடுகளிலிருந்து வந்த மாதர் தத்தம் முறைப்படி நூல் நூற்றுக் காட்டினர். தக்கிளி இராட்டினமாகவும், இராட்டினம் ஆலை இயந்திரமாகவும் வளர்ந்த வரலாறு படிப்படியாக விளங்கிற்று. எழுத்தறியாத தாய்மார் அங்கே ஆசிரியராயினர்.

இதன் பயனை அடம்ஸ் அம்மையார் 1910இல் வெளியிட்ட தமது நூலிலே ஒரு நிகழ்ச்சியால் விளக்குகிறார். இத்தாலியச் சிறுமி ஒருத்தி சமையல் வகுப்புக்கு வருவாள். அவள் தாய் நூற்றுக் காட்ட வருவாள். தலையில் துணி கட்டிய தாயோடு தன்னை எவரும் சேர்த்துக் காணலாகாதென அவள் வேறு வாயிலால் நுழைவாள். ஒருநாள் கல்விமான்கள் சிலர் தாயின் கைத்திறனை வியந்து பாராட்டுவதைச் சிறுமி கேட்டாள். உண்மைதானோ என அம்மையாரை வினவினாள். மலையூரிலே செங்குத்தான பாறை விளிம்பிலிருந்து தக்கிளியைத் தொங்கவிட்டு நூற்ற பெண்களின் திறமையை அவர் எடுத்துரைத்தார். அதன்பின் கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியிலிருந்து தாய் தன் கைநெசவு ஆடைகளை வெளியே எடுக்க மகள் இசைந்தாள். தாயோடு ஒரே வாயிலால் வரவும் தொடங்கினாள்.

இவ்வழி நாடகத்திலும் தொடர்ந்தது. 1903இல் அயலிலிருந்த கிரேக்கத் தொழிலாளர், சொபோக்கிளிஸ் இயற்றிய ‘அஜாக்ஸ்’ நாடகத்தை அங்கு நடித்தனர். தங்கள் முன்னோரின் பெருமையை அமெரிக்கர் அறியார் என்ற ஏக்கம் அவர்களுக்கு இருந்தது. அரங்கு அதனைத் தணித்தது. 1927இல் நிறுவப்பட்ட மட்பாண்டச் சூளைகளிலே மெக்சிக்கோவிலிருந்து வந்தோரும் கைவண்ணம் காட்டினர்.

அடம்ஸ் அம்மையார் 1931இல் நோபல் சமாதானப் பரிசு பெற்றார், 1935இல் மறைந்தார். 1960களிலே பல்கலைக்கழகம் அமைக்கும் பொருட்டு அவ்வில்லத்தின் கட்டடங்களிற் பெரும்பாலானவை இடிக்கப்பட்டன. பழைய மாளிகை அரும்பொருட்சாலையாக நிற்கிறது. அதன் சமூகப்பணிகளை நடத்திவந்த சங்கம் 2012இல் மூடப்பட்டது.

சங்கம் மறைந்தாலும் அது காட்டிய நெறி மறையவில்லை. பல இனத்தார் வாழும் ஊரிலே பிள்ளைகளுக்குக் கலை கற்பிப்போர், கற்பிக்கத் தொடங்குமுன் அப்பிள்ளைகளின் வீட்டுப் பெட்டிகளில் என்ன இருக்கிறதென்று வினவுதல் நன்று. தாயும் மகளும் ஒரே வாயிலால் நுழையக்கூடிய கலைக்கூடமே குடும்பத்தை இணைக்கும் கலைக்கூடமாகும்.